குமாரமங்கலம் என்னும் பெயருக்குள் எத்தனை பேர்

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக மக்களவைக்குப் போனவர் டாக்டர் ப. சுப்பராயன். அதே தேர்தலில் கோயம்புத்தூரிலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகப் போனவர் பார்வதி கிருஷ்ணன். இருவரும் தந்தையும் மகளும். உறுப்பினர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. சுப்பராயனின் மூத்த மகன் அப்போது இந்திய ராணுவத்தில் உயர் அதிகாரி. இன்னொரு மகன் சென்னையில் வழக்கறிஞர், தங்கையைப் போலவே கம்யூனிஸ்ட். அந்த இரு மகன்களின் பெயரிலும் சுப்பராயன் என்ற சொல் இல்லை. இருவரும் குமாரமங்கலம் என்றே அறியப்பட்டார்கள்.

குமாரமங்கலம் திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிற்றூர். அந்தப் பெயர் ராணுவத் தலைமையகத்துக்கும் சதி வழக்கின் குற்றப்பத்திரிகைக்கும் மத்திய அமைச்சரவைக்கும் போயிருக்கிறது. ஒரே பெயரைச் சுமந்தவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்குக் கொங்கு நாட்டில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த விலகலின் அளவு புரிய, இந்தப் பக்கத்தில் பெயர் எப்படிக் கைமாறுகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். சிலருக்கு ஊரின் முதல் எழுத்தும் முன்னால் சேரும். மகன் காலத்தில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்குகிறது. பேரன் காலத்தில் அந்த எழுத்தும் இல்லை. அப்பாருவின், அதாவது தாத்தாவின், பெயரை மூத்த பேரனுக்கு வைத்தால்தான் அது மறுபடி வீட்டுக்குள் வரும். வைத்த பிறகும் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லிக் கூப்பிடமாட்டாள் என்பதால் அந்தக் குழந்தை சாமி என்றோ தம்பி என்றோதான் வளரும்.

பெயர்களின் இருப்பும் குறைவு. திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர், செங்கோட்டு வேலவர், ஆதிகேசவப் பெருமாள் ஆகியோர் இருக்கிறார்கள். கீழே ஊரில் அர்த்தநாரியும் செங்கோட்டையனும் செங்கோட்டுவேலும் பெருமாளும் முருகனும் தெருவுக்கு நாலு பேர். பழனிசாமி, ராமசாமி, சின்னுசாமி இவற்றையும் சேர்த்துக்கொண்டால் ஒரு தலைமுறை ஆண்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று பழனிசாமிகள் இருந்தால் இனிஷியல் பிரித்துக்காட்டும். இனிஷியலும் ஒன்றாக இருந்தால் அப்பாவின் முழுப்பெயரைச் சொல்லவேண்டும். ஊருக்குள் அந்தச் சிக்கலே வராது. கிணத்துக்காட்டுப் பழனிசாமி, மேட்டுக்காட்டுப் பழனிசாமி என்று நிலத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

மாநில அரசியலிலும் இதே வழிதான். 1998இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் வென்ற க. பழனிசாமி, பின்னர் 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்தபோது எடப்பாடி பழனிசாமி என்றே நாடெங்கும் அறியப்பட்டார். மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு நாமக்கல் கவிஞர் என்ற அடை நிலைத்துவிட்டதால் வடலூர் வள்ளலாரின் இயற்பெயரும் இராமலிங்கம்தான் என்பது யாரையும் குழப்பவில்லை.

அடைமொழி இல்லாத இடத்தில் குழப்பம் வரத்தான் செய்கிறது. நூலகப் பட்டியலிலும் பழைய செய்தித்தாளிலும் தேடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சி. சுப்பிரமணிய பாரதியின் ‘சி’ சின்னச்சாமி. பசுமைப் புரட்சிக் காலத்தில் மத்திய வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் ‘சி’ சிதம்பரம். எழுத்தும் பெயரும் ஒன்று, தகப்பன்மார் வேறு. இதைவிடக் கடினமானது கே. சுப்பிரமணியம். 1939இல் ‘தியாகபூமி’ படத்தை இயக்கியவரும் கிருஷ்ணசாமியின் மகன் சுப்பிரமணியம்தான். இந்தியாவின் அணுஆயுதக் கொள்கையை வடிவமைத்த சிந்தனையாளர்களில் முன்னணியில் நின்ற, 1929இல் திருச்சியில் பிறந்த பாதுகாப்பு ஆய்வாளரும் கிருஷ்ணசாமியின் மகன் சுப்பிரமணியம்தான். இனிஷியலை விரித்தாலும் இவர்கள் பிரியமாட்டார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். பெயர் இவர்களுக்குக் கொடுத்தது எதுவுமில்லை, எடுத்துக்கொண்டதும் எதுவுமில்லை. தற்செயலான ஒற்றுமை அது.

குமாரமங்கலம் அப்படிப்பட்டது அல்ல. எடப்பாடி என்பது ஓர் ஆளைச் சுட்டும் ஊர்ப்பெயர், அந்த ஆளோடு முடிந்துவிடும். குமாரமங்கலம் அப்பாவிடமிருந்து மகனுக்கும் அவரிடமிருந்து பேரனுக்கும் இறங்கியது. கூடவே நிலமும் படிப்பும் தொடர்புகளும் இறங்கின. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த நாட்டு வழக்கப்படி பெயரின் கடைசியில் எழுத ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டிருக்கும், அதற்கு ஜமீன் ஊரின் பெயரே கைக்கு வந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

குமாரமங்கலம் ஜமீன் கொங்கு வேளாளக் குடும்பத்துடையது. அதன் வாரிசான பரமசிவ சுப்பராயன் 1889இல் பிறந்தார். சென்னையில் படித்து, ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரிக்கும் போய்வந்தார். 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். நீதிக்கட்சிக்கும் சுயராஜ்யக் கட்சிக்கும் நடுவே, எந்தக் கட்சியையும் சாராத அமைச்சரவை அவருடையது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணை நடைமுறைக்கு வந்தது அந்த ஆட்சியில்தான். அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் அதைச் செய்தார் என்பது நினைவில் நிற்கிறது. அந்த அமைச்சரவைக்கு யார் தலைவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1932இல் தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் நுழைவதற்கு வழிசெய்யும் மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவர முயன்றவரும் சுப்பராயன்தான். வைஸ்ராய் அனுமதி மறுத்தார். பிறகு காங்கிரஸில் சேர்ந்து 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறை. இந்தோனேசியாவுக்குத் தூதர், நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சர், 1962இல் மகாராஷ்டிர ஆளுநர். அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார். நடுவில் 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரும் அவரே. ஒரே மனிதரின் வாழ்க்கையே இத்தனை தொழில்களாகப் பிரிந்து கிடக்கிறது.

அவர் மணந்த ராதாபாய் மங்களூரைச் சேர்ந்தவர். ராதாபாயின் தந்தை குத்முல் ரங்கராவ், 1897இல் மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்கான கல்விப்பணி அமைப்பைத் தொடங்கிய சாரஸ்வதப் பிராமணர். கொங்கு ஜமீன்தார் வீட்டுக்கு மொழியும் சாதியும் வேறான ஒரு பெண் 1912 வாக்கில் மருமகளாக வந்தார் என்றால் அது அன்றைக்குச் சாதாரணச் செய்தி அல்ல. கோயில் நுழைவு மசோதாவின் வேரைத் தேடுகிறவர்கள் இந்தத் திருமணத்தையும் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938இல் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர் அவர்.

இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் குமாரமங்கலம் என்ற பெயரோடு வெளியே போனார்கள்.

மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1913இல் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, பிறகு வுல்விச் ராணுவக் கழகம், பிறகு பீரங்கிப் படை. தம்பி சுரேந்திர மோகன் குமாரமங்கலம் 1916இல் லண்டனில் பிறந்தார். அவரும் ஈட்டன்தான். பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியத்தின் தலைவர். அங்கே கம்யூனிஸ்டாகி 1939இல் ஊர் திரும்பினார். 1919இல் பிறந்த பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்து அதே அரசியலுக்கு வந்தார்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இந்தப் பெயர் இரண்டு பக்கமும் நின்றது. இது ஏகாதிபத்தியப் போர், இதில் இந்தியர் சேரக்கூடாது என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய நிலை. மோகன் குமாரமங்கலம் 1941இல் சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம் முதலியோரோடு சிறைக்குப் போனார். 1942 மே மாதம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், பிர் ஹக்கீம் அருகே, மேஜர் குமாரமங்கலத்தின் பீரங்கிகள் ரோமலின் டாங்கிகளை எதிர்த்து நின்றன. அந்தச் சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அவரும் பிடிபட்டார். இத்தாலியில் போர்க்கைதியாக இருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆக அண்ணன் போரில் கலந்துகொண்டதற்காகவும் தம்பி அதை எதிர்த்ததற்காகவும் அடைபட்டார்கள். ஹிட்லர் சோவியத் ரஷ்யாவைத் தாக்கிய பிறகு கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டு ‘மக்கள் யுத்தம்’ என்றது. அதே பெயரில் ஆங்கிலத்தில் வந்த கட்சி இதழில் மோகன் பணியாற்றினார். அப்போது சகோதரர் இருவரும், தனித்தனிக் காரணங்களுக்காக, ஒரே போரின் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நிலை இதைவிடக் கடினம். தந்தை உள்துறை அமைச்சராக இருந்த 1947, 1948 காலம் சென்னை மாகாண அரசு கம்யூனிஸ்டுகளைத் துரத்திய காலம். சுப்பராயனின் பெயரைச் சொல்லும்போது பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்ல எதிர்க்கட்சிக்கும் சொந்தக் கட்சிக்கும் அது நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் கொள்கையை இன்னொருவர் கைவிடச் செய்ததாகத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அந்தக் குடும்பத்தின் மீது மரியாதை உண்டு. பிள்ளைகள் அப்பாவின் கட்சிக்குள்ளேயே வளர்ந்து அப்பாவின் நாற்காலியில் உட்காரும் வழக்கம் இன்று எல்லாக் கட்சியிலும் ஊறிப்போயிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது அரிதான காட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் தந்தையும் மகனும் பக்கத்தில் வந்தார்கள். ஆட்சிமொழி ஆணையத்தின் 1956ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியை அவசரமாக நுழைப்பதற்கு எதிராக மாறுபட்ட குறிப்பு எழுதிய இருவரில் ஒருவர் சுப்பராயன், மற்றவர் வங்க மொழியியலாளர் சுனீதி குமார் சாட்டர்ஜி. 1965இல், தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் கொந்தளித்த ஆண்டில், மோகன் குமாரமங்கலம் இந்தியாவின் மொழிச் சிக்கல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

அண்ணன் பிரபாகர் 1966 ஜூனில் ராணுவத் தலைமைத் தளபதியானார். 1967இல் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் நடந்தது அவர் காலத்தில்தான். 1969இல் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்து ஓய்வுபெற்றார். அதே 1966இல் மோகன் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல். கம்யூனிஸ்ட் கட்சியைவிட்டு விலகி இந்திரா காந்தியின் காங்கிரஸுக்கு வந்தார். 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானார். கட்சி மாறினாரே தவிர அவர் நம்பிக்கை மாறவில்லை என்பதற்கு நிலக்கரியே சாட்சி. 1971 அக்டோபரில் உருக்காலைக்கு வேண்டிய கல்கரிச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரி இறுதியில் மற்றச் சுரங்கங்களும் எடுக்கப்பட்டன. 1973 மே 1 அன்று அவை நாட்டுடைமை ஆயின. அதே மாதம் 31ஆம் தேதி டெல்லி பாலம் விமான நிலையம் அருகே நடந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் மோகன் குமாரமங்கலம் இறந்தார். வயது 56.

அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. 1973 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் ஷெலாட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று நியாயப்படுத்தியவர் மோகன். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்பது அவர் வாதம். அந்த வாதம் இந்திய நீதித்துறையின் சுதந்திரத்துக்கு நீண்டகாலக் காயத்தை உண்டாக்கியது என்றே நான் கருதுகிறேன். நிலக்கரித் தொழிலாளிக்கு நல்லது செய்ய நினைத்த அதே உறுதிதான் இங்கே தவறான இடத்தில் பயன்பட்டது.

அவர் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் 1952இல் பிறந்தார். சேலத்திலிருந்து 1984, 1989, 1991 மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸ் உறுப்பினராக வென்றார். நரசிம்ம ராவ் அமைச்சரவையில் இணை அமைச்சர். பிறகு பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்து 1998, 1999இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வென்றார். வாஜ்பாயின் அமைச்சரவையில் மின்துறை அவருடையது. மாநில மின்வாரியங்கள் கடனில் மூழ்கிக்கிடந்த நேரம். கட்டணத்தை அரசியல்வாதி தீர்மானிக்காமல் தனி ஆணையம் தீர்மானிக்கவேண்டும் என்று 1998இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றையும் பிரித்துத் தனியாருக்கும் இடம்கொடுக்கும் மின்சார மசோதாவின் வரைவு அவர் காலத்தில் உருவானது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அந்த வேலையின் தொடர்ச்சி. அதைப் பார்க்க அவர் இல்லை. 2000 ஆகஸ்டில், 48 வயதில், நோயால் இறந்தார். ராணுவத் தளபதியான பெரியப்பாவும் அதே ஆண்டு மார்ச்சில்தான் இறந்திருந்தார்.

அப்பா தனியாரிடமிருந்து நிலக்கரியை எடுத்து அரசிடம் கொடுத்தார். அந்த நிலக்கரியை எரித்து ஓடும் அனல்மின் நிலையங்கள் மகனின் துறைக்குள் வந்தன. மகன் அரசின் பிடியைத் தளர்த்தினார். இதைக் கொள்கைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி நான் நினைக்கவில்லை. 1973இன் சுரங்கங்களில் தொழிலாளியின் உயிருக்கு முதலாளியிடம் மதிப்பில்லை என்பது உண்மை. 1998இன் மின்வாரியங்களில் பணம் இல்லை என்பதும் உண்மை. இருவரும் தங்கள் முன்னால் இருந்ததைப் பார்த்து முடிவெடுத்தார்கள். மகன் என்பதற்காக அப்பாவின் விடையையே எழுதவேண்டும் என்று கேட்பது பெயருக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுப்பதாகும்.

பார்வதியிடம் வருவோம். இந்தக் கட்டுரையில் அவர் இடம் தனியானது, ஏனென்றால் அவர் குமாரமங்கலம் அல்ல. அதே வீடு, அதே பெற்றோர், அதே தரத்துப் படிப்பு. 1942இல் கட்சித் தோழர் என்.கே. கிருஷ்ணனை மணந்து பார்வதி கிருஷ்ணன் ஆனார். 1954இல் மாநிலங்களவை, 1957இல் மக்களவை, மறுபடி 1974 இடைத்தேர்தலிலும் 1977இலும் கோவையிலிருந்து மக்களவை. கோவைப் பக்கத்துத் தொழிற்சங்க வேலையில் வாழ்நாளைக் கழித்தார். அண்ணன் காங்கிரஸுக்குப் போன பிறகும் அவர் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார். 2014இல் கோவையில் காலமானார். நிலையில் உறுதி என்று பார்த்தால் அந்த வீட்டிலேயே அதிக உறுதி அவருடையது. ஆனால் ‘குமாரமங்கலம் குடும்பம்’ என்று எழுதுகிறவர்கள் தளபதியையும் இரண்டு அமைச்சர்களையும் எழுதிவிட்டுக் கடைசியில்தான் பார்வதியைச் சேர்க்கிறார்கள், சில வேளை அதுவும் இல்லை. ராதாபாய் சுப்பராயனுக்கு நேர்ந்ததும் இதுதான். பெயரைத் தேடிக்கொண்டு வரலாற்றுக்குள் போகிறவருக்குப் பெயர் மாறிய பெண்கள் கண்ணில் படுவதில்லை. அடுத்த தலைமுறையில் ரங்கராஜனின் சகோதரி லலிதா குமாரமங்கலம் அந்தப் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். 2014 முதல் 2017 வரை தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார்.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஓமலூர் தொகுதியின் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஒரு திகைப்பு வந்திருக்கும். காங்கிரஸ் வேட்பாளரின் பெயர் மோகன் குமாரமங்கலம். 1973இல் இறந்தவரின் பேரன், ரங்கராஜனின் மகன். அப்பா சென்ற கட்சியில் இல்லாமல் தாத்தா கடைசியாக இருந்த கட்சியில் இருக்கிறார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் குடும்பப் பெயரும் ஒன்றாகச் சேர்ந்ததால், அதே முழுப்பெயர் திரும்ப வந்தது. அந்தத் தேர்தலில் அவர் வெல்லவில்லை.

இதுவரை சொன்னது ஒரு வீட்டின் கதை. குமாரமங்கலம் அந்த ஒரு வீட்டின் பெயர் மட்டும் அல்ல. அந்த ஊரின் மேட்டுக்காட்டில் நிலக்கடலையும் சோளமும் விளைவித்தவர்கள், பண்ணையத்தில் ஆள்காரனாக இருந்தவர்கள், ஆடு மேய்த்த சிறுவர்கள் எல்லாரும் குமாரமங்கலத்துக்காரர்கள்தான். அவர்களில் யாருக்கும் ஊர் குடும்பப் பெயராகவில்லை. மிஞ்சிப்போனால் ‘கு’ என்ற ஓர் எழுத்து. ஈட்டனுக்குப் போனவரின் பெயருக்குப் பின்னால் முழுதாக நின்ற ஊர், விசைத்தறிக்குப் போனவரின் பெயருக்கு முன்னால் எழுத்தாகக்கூட நிற்கவில்லை. ஜமீன் ஊரை உடைமையாக வைத்திருந்தது, அதனால் பெயராகவும் எடுத்துக்கொள்ள முடிந்தது. சாதிக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே தெய்வத்தின் பெயர் வளவுக்குள் கருப்பண கவுண்டர் என்றும் சேரியில் கருப்பன் என்றும் வழங்கிய நாடு இது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் 2000இல் வந்தது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் ஒரு சக்கிலியச் சிறுவன்தான் அதன் நாயகன். இந்த வட்டாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் எத்தனை படிநிலை இருக்கிறது என்பதை அறிய ஆய்வேடுகளைவிட அது நல்ல ஆவணம்.

உடைமை இல்லாத பெயர்கள் வேறு மாதிரி பரவுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போகின்றன. அவற்றோடு செங்கோட்டையன்களும் அர்த்தநாரிகளும் போய் மாதக்கணக்கில் வெளியூரில் தங்குகிறார்கள். கோபிசெட்டிபாளையத்துக் கே.ஏ. செங்கோட்டையன் 1977இல் சட்டமன்ற அரசியலுக்கு வந்தவர், 2017 முதல் 2021 வரை பள்ளிக்கல்வி அமைச்சர். சேலத்துக் கவி அர்த்தநாரீச வர்மா ‘க்ஷத்ரியன்’, ‘வீரபாரதி’ இதழ்களை நடத்தினார். மலைமேல் இருக்கும் சாமியின் பெயரை யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அது எல்லா வீட்டிலும் இருக்கிறது, எந்த வீட்டையும் தூக்கிவிடுவதில்லை.

முருகன் என்ற பெயரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1977இல் நாமக்கல் மாவட்டக் கோனூரில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த எல். முருகன் சட்டம் படித்தார், தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் துணைத்தலைவரானார், 2020இல் தமிழக பா.ஜ.க. தலைவராக வேல் யாத்திரை நடத்தினார், 2021இல் மத்திய இணை அமைச்சரானார். 1966இல் திருச்செங்கோட்டுக்கு அருகே சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த இன்னொரு முருகன் தமிழ் படித்து அரசுக் கல்லூரி ஆசிரியரானார். 1991இல் ‘ஏறுவெயில்’ நாவல் எழுதினார். குடியிருப்புத் திட்டத்துக்காக நிலத்தை இழந்த குடும்பத்தின் கதை அது. அப்பாவின் பெயரான பெருமாளை ஓர் எழுத்தாகச் சுருக்காமல் முழுதாக முன்னால் வைத்துப் பெருமாள்முருகன் ஆனார். பெருமாளும் முருகனும் அந்த மலைமேலும் அருகருகேதான் இருக்கிறார்கள். குமாரமங்கலம் வீட்டார் ஊரை வைத்துச் செய்ததை, ஜமீன் இல்லாதவர் செய்யக்கூடிய வகையில், அவர் அப்பாவை வைத்துச் செய்தார்.

2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவைக் களமாகக் கொண்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் அவர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. அடுத்து அவர் வெளியிட்ட அறிவிப்பில், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றும், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டுமே வாழ்வான் என்றும் சொன்னார். இரண்டு பேர் ஒரே பெயரில் வாழ்வதைத்தான் இதுவரை பார்த்தோம். இங்கே ஒரே ஆள் தன் பெயரை இரண்டாக வெட்டிக்கொண்டார். எழுதிய கை ஒரு பெயரில், சம்பளம் வாங்கிய கை இன்னொரு பெயரில். அப்பாவின் பெயர் மறுபடி ஓர் எழுத்தாகச் சுருங்கியது. ஊர் ஒருவரை எந்த அளவு நெருக்கினால் அவர் இப்படி எழுதுவார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாட்களில் ஊரில் பலர் வாய்திறக்கவில்லை என்பது திருச்செங்கோட்டுக்குப் பெருமை அல்ல.

2016 ஜூலையில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, அந்தப் பேச்சில் ஏற்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் டெல்லியில் ‘கோழையின் பாடல்கள்’ வெளியானது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்திருந்த காலத்தில் எழுதிய கவிதைகள் அதில் இருந்தன. அட்டையில் ஆசிரியர் பெயர் பெருமாள்முருகன். அரசுக் கல்லூரிப் பதிவேட்டில் அவர் பணிக்காலம் முழுதும் பெ. முருகனாகவே தொடர்ந்தார்.